இரவல் வாங்காத பூவரசன்

பக்கத்து இருக்கையில் பழனிவேல் செய்தித்தாளை விரித்து வைத்திருக்கிறார். அதே செய்தித்தாளை வாங்கப் பூவரசன் பேருந்திலிருந்து இறங்கி ஓடுகிறார். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் காலைப் பேருந்தில் தாள் வாங்குகிறவர்கள் நாலு பேர், படிக்கிறவர்கள் நாற்பது பேர். தாள்கள் பிரிந்து பின் இருக்கை வரை போகும். தாளை வாங்கியவர் இறங்குவதற்குள் அவர் மடிக்கே வந்து சேரும். பூவரசன் மட்டும் இந்த ஏற்பாட்டில் கிடையாது. "என்னுது என்னுது. உங்குளுது உங்குளுது. நடுவுல எதுக்கு ஒண்ணு?"

யாராவது பேனா கேட்டால் சட்டைப் பையில் இருப்பதைத் தொட மாட்டார். தோள்பையின் ஜிப்பைத் திறந்து, பத்துப் பேனா பாக்கெட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவி, "வச்சிக்குங்க" என்பார். திருப்பித் தந்தாலும் வாங்க மாட்டார். மனைவி அனுப்பிரியாவுக்கு இது பழகிவிட்டது. "பொண்ணு பாக்க வந்தப்பவே ஜாதகத்த நாலு ஜெராக்ஸ் எடுத்தாந்தாரு. நாங்க கேட்டது ஒண்ணுதான்."

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் எட்டுப் பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் அவருடையது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஓடும் பார்சர் அவர் எழுதியது. ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து தினமும் ஒரு கோப்பு வரும். எந்த விவசாயி, எந்த வயல், என்றைக்குக் கரும்பு வெட்டு என்று லட்சக்கணக்கான வரிகள். அவற்றைப் பிரித்துப் படிப்பது பார்சரின் வேலை. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினார். அதிலும் அவர் அவராகவே இருந்தார். விவசாயியின் பெயரைப் படிக்க ஒரு நகல், சரிபார்க்க ஒரு நகல், அச்சுக்கு அனுப்ப ஒரு நகல். ரஸ்டில் இப்படி நகலெடுப்பதற்குக் குளோன் என்று பெயர். அரவை தொடங்கியது, கோப்பு பெருத்தது, நகல்கள் நினைவகத்தை அடைத்துக்கொண்டன. பார்சர் பாதியிலேயே விழுந்தது.

திங்கட்கிழமை ஆலை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அன்றும் விழுந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுச் சென்னையில் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

பக்கத்து மேசை வெண்மதி வெள்ளிக்கிழமை அவர் நிரலைத் திறந்து பார்த்தாள்.

"என்னாண்ணா, எங்க பாத்தாலும் குளோன் குளோன்னு இருக்கு. எண்ணுனேன், நூத்திப் பன்னெண்டு. ஜெராக்ஸ் கட வச்சிருக்கீங்களா?"

"ஒரு சேஃப்டிதாம்மா."

"பேரு கோப்புலயே இருக்குல்ல? எங்கேர்ந்து எதுவரிக்கும்னு வெரல வச்சிக் காட்டுனாப் போதும். இரவல் வாங்கிப் படிச்சிட்டு வுடுங்களேன்."

"அடுத்தவங்க பொருள்மேல கைய வெக்கச் சொல்ற."

பல்லைப் பிடுங்குவது போல ஒவ்வொரு நகலாக எடுத்தார். சாயங்காலம், நிரலை ஓடவிடுமுன் சரிபார்க்கும் கம்பைலர் ஒரேயடியாக மறுத்துவிட்டது: பெயரை இரவல் வாங்கிக் கையில் வைத்திருக்கிறாய். அந்தப் பெயர் இருந்த வரியைக் காணோம். அவர் நிரல் ஒரு வரியைப் படித்து, அதை அழித்துவிட்டு அதே இடத்தில் அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? இரவல்னா இப்பிடித்தான்" என்றார். குரலில் கவலையைவிடத் திருப்தி ஜாஸ்தியாக இருந்தது.

சனிக்கிழமை அவர் இறங்கி ஓடுவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு பதினோரு வருஷத்தில் முதல்முறையாகப் பழனிவேலிடம் நடுத்தாளைக் கேட்டு வாங்கினார். ஆலப்பாக்கத்தில் பழனிவேல் எழுந்தார்.

"தம்பி, பேப்பரு."

"ரெண்டே வரி சார்."

"நான் எறங்கணும்யா. ஒனக்கோசரம் கடலூரு வரிக்கும் ஒக்காந்திருக்கட்டுமா?"

தாளை உருவிக்கொண்டு இறங்கிப் போனார். தாள் பிடித்த வாக்கிலேயே இரண்டு கைகளும் அந்தரத்தில் நிற்க, பூவரசன் கடலூர் வரை உட்கார்ந்திருந்தார்.

அலுவலகத்தில் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. கோப்பு முழுவதையும் தொடக்கத்திலேயே ஒருமுறை உள்ளே வாங்கி, வேலை முடியும்வரை அசையாமல் இருக்கவைத்தார். பெயர், வயல், தேதி எல்லாம் அதிலிருந்தே இரவல்.

"இவுரு கடலூரு வரிக்கும் எறங்க மாட்டாரு" என்றார்.

"யாருண்ணா?" என்றாள் வெண்மதி. கம்பைலர் எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

"இன்னும் ஒரு குளோன் இருக்குண்ணா."

"அது இருக்கட்டும்மா. பாவம்."

திங்கட்கிழமை அதிகாரி டீயை ஊதிக் குடிப்பதற்குள் கோப்பு முடிந்துவிட்டது. "ஆச்சா? நெசமாவா? இன்னொருக்கா ஓட்டுங்க." ஓட்டினார்கள். டீ இன்னும் ஆறவில்லை. அதிகாரி ஏற்புப் படிவத்தை மேசைமேல் வைத்துத் தன் சட்டைப் பையைத் தடவினார்.

"பேனா இருக்கா சார்?"

பூவரசனின் கை தோள்பைக்குப் போனது. ஜிப் பாதி திறந்து நின்றது. பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி இடது உள்ளங்கையில் இறுக்கி வைத்துக்கொண்டு, பேனாவை மட்டும் நீட்டினார்.