என் மருமகன் கட்டிய பிளசர் கார்

என் மருமகனுக்கு நாற்பத்தாறு வயது. பேங்கில் வேலை. தலையில் பாதிக்கு மேல் முடி போய்விட்டது. அவர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹாலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடு ஒன்று செருகி கார் கட்டுவார். சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துக் கடிக்கிற அதே கட்டைதான். வீட்டில் சின்னப் பிள்ளை யாரும் கிடையாது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதெல்லாம் அவருக்குத்தான்.

அந்தக் கட்டைக்கு அவர் சொல்கிற பேர் பிரிக். செங்கல் என்று அர்த்தம் என்று மகள் சொன்னாள். நான் இருபத்திரண்டு வருஷம் சித்தாளாகச் செங்கல் சுமந்தவள். நடைக்குப் பத்துக் கல், நனைந்த கல்லாக இருந்தால் எட்டு. மூன்று மாடி ஏறி இறக்கிவிட்டு வந்தால் கழுத்து தன் பாட்டுக்கு ஆடும். இவருடைய செங்கல் என் சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். அதைத் தூக்குவதற்கு இடுக்கி வேறு வைத்திருந்தார்.

எங்கள் சனத்தில் மாமியார் மருமகனுக்கு முன்னால் நின்று முகம் பார்த்துப் பேசுவதில்லை. இப்போது யாரும் அப்படி இருப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். எனக்கு எப்போதுமே ஆட்களிடம் பேசுவதற்குக் கூச்சம், அதனால் இந்த வழக்கம் எனக்கு வசதியாகப் போயிற்று. ஒத்தக்கடையில் அவர் வாங்கிய பிளாட்டுக்கு நான் வந்து நாலு வருஷம் ஆகிறது. சாப்பாடு தயார் என்றால் ஃபிரிட்ஜைப் பார்த்து, “எடுத்து வச்சிருக்கு” என்பேன். அவர் டிவியைப் பார்த்து, “சரி” என்பார். மற்றதெல்லாம் மகள் வழியாகத்தான் போய் வரும். மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

போன மார்கழியில் அவர் கட்டியது அந்தக் காலத்துப் பிளசர் கார். கல்யாணத்துக்கு வாடகைக்குப் பிடிப்பார்களே, வெள்ளையாக, உருண்டையாக, அது. ஒரு முழ நீளம், ஆயிரத்து எண்ணூறு கட்டை. பெட்டியில் வந்த படத்தைப் பார்த்துச் செய்ததில்லை, அவரே யோசித்துச் செய்தது என்பதில் அவருக்கு அம்புட்டுப் பெருமை. அதைப் பார்ப்பதற்கென்று இரண்டு பேர் வாராவாரம் வருவார்கள். ஒருத்தர் கப்பலூரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர். இன்னொருத்தர் என்ஜினீயரிங் காலேஜில் பாடம் சொல்லிக்கொடுப்பவர். இரண்டு பேருக்கும் பெரிய பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

“மாப்ள, சும்மா அள்ளுதுடா! ரோட்டுல விட்டா போலீஸ்காரன் கைய காட்டுவான்” என்பார் பட்டறைக்காரர்.

“அண்ணே, டிக்கி தொறக்குமா?” என்பார் காலேஜ்காரர்.

“டிக்கி என்னண்ணே, நாலு கதவும் தொறக்கும்” என்பார் எங்கள் ஆள்.

திறந்து யார் ஏறப்போகிறார்கள் என்று நான் அடுப்படியில் நினைத்துக்கொள்வேன். மூன்று பேருக்கும் காபி போட்டு மகள் கையில் கொடுத்துவிடுவேன்.

முதல் தடவை அதன் கூரை இரண்டாகப் பிளந்து விழுந்தது. அது விழும் என்று எனக்கு முந்தின வாரமே தெரியும். ஒரு வரிசையில் கல்லும் கல்லும் சேருகிற இடத்துக்கு நேர் மேலே, அடுத்த வரிசையிலும் அதே மாதிரி சேருகிற இடம் வந்தால் சுவர் நிற்காது. எந்தக் கொத்தனாரும் முதல் நாளே கையாளிடம் சொல்லிவிடுவார். இவர் நாலு வரிசை அப்படியே வைத்திருந்தார். பிளந்த பிறகு மூன்று பேரும் போனில் வீடியோ பார்த்து, ஒரு மணி நேரம் பேசி, இதையே கண்டுபிடித்தார்கள். காலேஜ்காரர் அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். நான் மனசு குளிரச் சிரித்துக்கொண்டேன்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இந்தக் கட்டைக் கார் கட்டுகிறவர்கள் எல்லாம் சேர்ந்து மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஹாலில் போட்டி வைத்தார்கள். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. காரைச் சாய்த்து வைத்த பலகையில் மேலேயிருந்து விட வேண்டும், கை படாமல் அது கீழே கோடு வரை உருண்டு வர வேண்டும். வந்தால்தான் பரிசுக்குச் சேர்த்துக்கொள்வார்கள். இவர் பேங்க் முழுக்கச் சொல்லி, மேனேஜரையும் வரச்சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒரு பலகையைச் சோபாவில் சாய்த்து உருட்டிப் பார்த்தார். சக்கரம் கிறீச்சிட்டது.

“கொஞ்சம் எண்ணெய் விடு மாப்ள” என்றார் பட்டறைக்காரர்.

இவர் எழுந்து போய் கண்ணாடி மேசையில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தார். சக்கரத்துக்கு, உள்ளே இருக்கிற பல்சக்கரத்துக்கு எல்லாம் தீபாவளிக்குத் தலைக்குத் தேய்க்கிற மாதிரி ஊற்றினார். அன்றைக்கு மத்தியானம் கார் நன்றாகத்தான் ஓடியது.

மறுநாள் காலையில் ஓடவில்லை. பலகையில் வைத்தால் அப்படியே நின்றது. சாயங்காலம் பேங்கிலிருந்து வந்து வைத்தார், ஓடியது. அதற்கு மறுநாள் காலையில் மறுபடியும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காலையிலேயே உட்கார்ந்து அடிப்பாகத்தைப் பிரித்து, துணியால் ஒற்றி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பூட்டினார்கள். பூட்டி முடிக்க மத்தியானம் ஆனது. ஓடியது. பட்டறைக்காரர், தான் ஒரு சக்கரத்தைத் தளர்த்தியதால்தான் ஓடுகிறது என்றார். காலேஜ்காரர், தான் எடையை முன்னால் நகர்த்தியதால்தான் என்றார். ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில் கார் நின்றது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் மகளிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

“நான் நல்லா யோசிச்சுட்டேன். காலைல நிக்குது, சாயங்காலம் ஓடுது. காலைல என்ன நடக்குது? அத்தை வீடு கூட்டுறாங்க. தூசி கெளம்பி உள்ள போயிருது. சாயங்காலம் தூசி அடங்கிருது. காரு பக்கம் வெளக்குமாத்தக் கொண்டு வர வேண்டாம்னு சொல்லு.”

மகள் வந்து சொன்னாள். நான் தலையாட்டினேன். பேங்கில் இவர் எப்படிக் கணக்குப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். நான் நாலு நாள் கூட்டாமல் விட்டேன். நாலு நாள் காலையிலும் கார் நின்றது. முன்னால் படிந்த தூசி என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மகளுக்குத் தலைக்கு வைக்க எண்ணெய் வேண்டியிருந்தது. மார்கழியில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், பாட்டிலைப் பால்கனிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் ஒரே எண்ணெய் இரண்டு இடத்தில் உறைந்துகொண்டிருந்திருக்கிறது. ஒன்றை வெயிலில் வைக்க ஆள் இருந்தது. இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க மூன்று பேர் இருந்தார்கள்.

நான் சொல்லவில்லை. விளக்குமாறு என்றாரே, தேடட்டும் என்று இருந்தேன். போட்டி பகல் பதினோரு மணிக்கு, அப்போது எண்ணெய் இளகியிருக்கும், எப்படியும் ஓடிவிடும் என்றும் நினைத்தேன்.

சனிக்கிழமை மகள் ஏதோ பயிற்சி என்று திருச்சிக்குப் போயிருந்தாள். மறுநாள் நான் இவரோடு ஹாலுக்குப் போவதாகவும், அவள் அங்கிருந்து நேரே வந்துவிடுவதாகவும் ஏற்பாடு. வீட்டில் நானும் அவரும்தான். சாயங்காலம் அவர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “ஹாலு ஃபுல்லா ஏசி மாப்ள. காலைல எட்டு மணிக்கே வண்டியக் கொண்டுபோய் வச்சிரணுமாம்.”

எட்டு மணியிலிருந்து பதினோரு மணி வரை ஏசியில். பேங்க் மேனேஜருக்கு முன்னால் பலகை உச்சியில் கார் அசையாமல் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, அங்கே அவர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். எங்க மாமியார் வீடு கூட்டுற தூசி சார் என்பார். அம்புட்டுப் பேருக்கு நடுவில், நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த எந்தக் கட்டடத்திலும் என்னால் ஒன்று கெட்டது என்று யாரும் சொன்னதில்லை.

மகளுக்குப் போன் போட்டேன்.

“ஏத்தா, உன் வீட்டுக்காரருகிட்ட ஒன்னு சொல்லணும்.”

“அம்மா, கிளாஸ்ல இருக்கேன். அவரு அங்கனதான இருக்காரு, நீயே சொல்லு.”

“நான் எப்படித்தா சொல்ல?”

“எல்லாரும் எப்படிச் சொல்லுவாக? வாயாலதான். வைக்கிறேன்.”

வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுப்படி வாசலுக்கு வந்து, ஹாலுக்குக் கேட்கிற மாதிரி பேசினேன்.

“ஆமாத்தா… தேங்கா எண்ணெதான். மார்கழிக் குளுருக்கு உறையாம என்ன செய்யும்? பாட்டிலுக்குள்ள உறையுறது காருக்குள்ள உறையாதாக்கும்?… மத்தியானம் வெக்கைக்கு இளகுது, ஓடுது. இதுல என்னத்தக் கண்டுபிடிச்சாகளாம்?… நாளைக்கு ஏசியில மூணு மணி நேரம் வச்சா கல்லாப் போகும்… வெளக்குமாத்துத் தூசியாம்ல! நல்லாச் சொன்னாக போ…”

அப்போது காதில் வைத்திருந்த போன் மணி அடித்தது. மகள்தான், பாவம், வகுப்பை விட்டு வெளியே வந்து திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள்.

அவர் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்ப் பருப்பு டப்பாவைத் திறந்து மூடினேன்.

அவர் காரைத் தூக்கிக்கொண்டு படுக்கை அறைக்குப் போனார். ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பலகையில் வைத்தார். நின்றது. தட்டினார். அப்படியே வழுக்கி இறங்கியதே தவிர சக்கரம் சுற்றவில்லை.

“அத்தே, பாத்திரம் வெளக்குற சோப்பு எங்க இருக்கு?”

கையைக் காட்டினேன். அவர் அடிப்பாகத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகக் குழாயில் கழுவினார். பேங்க்காரர் பாத்திரம் கழுவுவதைப் பார்க்கவேண்டும், முக்கால்வாசி எண்ணெய் அப்படியே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் வாங்கிச் சுடுதண்ணீரில் போட்டுத் தேய்த்து, துண்டில் விரித்தேன். எல்லாம் காய்ந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுப்பு மேடையிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார்.

“இது உறையாதுல்ல?”

“ஒரு எண்ணெயும் வேணாம்” என்றேன், குழாயைப் பார்த்து.

கடைசியில் பென்சில் கரியைச் சுரண்டித் தடவினார். அது மட்டும் அவருடைய யோசனை. கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் ஹாலில் முப்பது பேர் இருப்பார்கள், எல்லாம் மீசை வைத்த ஆண்கள். பஸ்ஸு, லாரி, ரேஸ் கார் என்று மேசை நிறையக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மகளும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். எனக்கு ஏசியில் பல் கிட்டியது. பல கார்கள் பாதியில் நின்றன. இரண்டு கவிழ்ந்தன. எங்கள் பிளசர் ஒரு சத்தம் இல்லாமல் இறங்கிக் கோட்டைத் தாண்டிப் போய் ஒருத்தர் செருப்பில் முட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். மேனேஜரும் தட்டினார். இரண்டாம் பரிசு. பரிசு என்ன என்று நினைக்கிறீர்கள்? இன்னும் ஒரு பெட்டி கட்டை.

மைக் வைத்திருந்தவர் கேட்டார்: “எப்படி சார் இவ்வளவு ஸ்மூத்தா ஓடுது?”

“இது வந்து ஒரு டெம்பரேச்சர் இஷ்யூ சார்” என்றார் எங்கள் ஆள். “குளிர்ல லூப்ரிகன்ட்டோட தன்மை மாறுது. ரொம்ப நாள் அனலைஸ் பண்ணித்தான் கண்டுபிடிச்சேன்.”

மறுபடி கை தட்டினார்கள். பட்டறைக்காரர் எழுந்து, “நான் அன்னைக்கே எண்ணெயில டவுட்டுன்னு சொன்னேன்ல?” என்றார். எண்ணெய் விடச் சொன்னதே அவர்தான்.

பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மருமகன் எங்களிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல.

“அத்தே, மேடையில உங்க பேரச் சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க கூச்சப்படுவீகன்னு விட்டுட்டேன்.”

கூச்சப்பட்டிருப்பேன், அது உண்மை. சொல்லியிருந்தால் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்திருப்பேன். ஆனால் அவர் பொய்யை மூடுவதற்கு என் கூச்சத்தை எடுத்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

“என் பேரு என்னங்க மாப்ள?”

அவர் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மகள் மேடையில் கட்டியிருந்த பேனரைப் படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பேர் இருந்தது. ரேஷன் கார்டில் இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. அங்கே இவர் கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே இருக்கிறது.

“அம்மா, விடும்மா” என்று மகள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

“நீ சொல்லிக் குடுக்காத” என்றேன். “ஆயிரத்தி எண்ணூறு கட்டைக்குள்ள ஒரு கட்டையத் தேடி எடுக்குறவருதான. தேடட்டும்.”

மகள் என் கையைக் கிள்ளினாள். கிள்ளட்டும்.