கேட்டில் எத்தனை சோதனை போதும்?

குழப்பாமல் சொல்ல வேண்டும் என்பதால் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. வெள்ளையர் ஆட்சியில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கிய அவசரகாலத்தில் எங்கள் எஸ்டேட் கேட்டில் நடந்த சோதனை.
2. அதனால் என் அலோர் ஸ்டார் நேர்முகத் தேர்வு கைநழுவப் பார்த்தது.
3. அந்த கேட்டில் நின்ற வரிசைக்கு “இத்தனை சோதனை போதும்” என்று ஒரே எண்ணைச் சொல்லவே முடியாது என்பது.

ஈர முள்வேலியின் துரு வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது...

பாடாங் செராய் பக்கத்து ரப்பர் எஸ்டேட். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். எல்லோரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். சந்தேகம் என்றால் மறுபடியும் வரிசையின் கடைசிக்கு.

அன்று கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கேட்டு அலோர் ஸ்டாருக்குப் போகிறேன். அந்த பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான்.

காவலர் தடவிவிட்டு “போ” என்றார். போயிருக்கலாம்.

“அண்ணே, பையில இருமல் மிட்டாய் இருக்கு. அது சாப்பாடா, மருந்தா?”

“மருந்துன்னா சீட்டு எங்க? தூக்கிப் போட்டுட்டுப் பின்னால போ லா!”

போட்டேன். மறுபடி முறை வந்தது.

“அண்ணே... மிட்டாய் சுத்தின தாள் இருக்கு. அதுல கொஞ்சம் சீனி ஒட்டியிருக்கு.”

மறுபடியும் கடைசிக்கு!

பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா ஒரு காலை பஸ் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து நின்றார்.

“காலையில தின்ன தோசையையும் சொல்லிரு! வாயை மூடிக்கிட்டு வாயேன்டா!”

“அக்கா, ஏறுங்க, பஸ்ஸை எடுக்கணும்” என்றார் டிரைவர்.

“அவன் வராம காலை எடுக்க மாட்டேன்.”

மூன்றாம் முறை வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் காலால்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

பிற்காலத்தில் கணிதப் பேராசிரியராக லோக்கல் கோஹோமாலஜி என்ற பாடம் நடத்தியபோதெல்லாம் அந்த கேட்தான் நினைவுக்கு வந்தது. அங்கே ஐடியல் என்ற கணத்தைத் தன்னோடு தானே சில முறை பெருக்கினால், அந்த அடுக்கு ஓர் உறுப்பைப் பூஜ்யமாக்கிவிடும்; எத்தனை முறை என்பது உறுப்புக்கு உறுப்பு மாறும். ஆனால் எல்லா உறுப்புக்கும் போதுமான ஒரே அடுக்கு பல சமயம் இருக்காது. எங்கள் வரிசையும் அப்படித்தான், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சோதனையில் தாண்டிவிடுவார்கள், எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது என்று மாணவர்களிடம் சொல்வேன்.

இப்போது அந்த இடத்தில் கூலிம் தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ்கள் நிற்காமல் பறக்கின்றன. யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் மட்டும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்... என்மீதே எரிச்சல் வருகிறது.

எழுதியதைப் படித்துப் பார்த்தால் மேலே வரிசைப்படுத்தியதில் மூன்றாவது தவறு. கணிதத்தில் உறுப்புகள் முடிவில்லாமல் இருக்கலாம்; வரிசையில் நின்றவர்கள் முடிவுள்ள கூட்டம். அவரவர் எண்களில் மிகப் பெரியதை எடுத்தால் எல்லோருக்கும் போதும்.

அந்த எண் என்னுடையதுதான்.