ஃப்ரிட்ஜ்காரரின் வகுப்பு

அழைப்பு மணி இருந்தாலும் அடிக்கமாட்டார். விரலை மடக்கிக் கதவில் இரண்டு தட்டு. திறந்ததும், தோளில் கருவிப்பை தொங்க, வாசலில் நின்றபடியே, பால் வந்துவிட்டதா என்று விசாரிக்கிற தோரணையில் கேட்பார்:

"ஆத்துமா எப்படி இருக்கு?"

அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருக்கும்போது வந்து இப்படிக் கேட்டால் மனுஷன் என்னதான் சொல்வான்? "பரவாயில்ல" என்று சொல்லி ஒருமுறை தப்பிக்கப் பார்த்தேன்.

"பரவாயில்லன்னா? கூலிங் இருக்கு, ஆனா ஐஸ் பிடிக்கல. அப்படித்தானே?"

அப்படித்தான் இருந்தது. அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வேலையிடத்தில் எனக்கும் மேலாளருக்கும் நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர்தான் அவருக்குப் பிழைப்பு. சபையில் எல்லோருக்கும் அவர் ஃப்ரிட்ஜ்காரர், அவர் மனைவிகூட கூட்டத்தில் தேடும்போது "ஃப்ரிட்ஜ்காரர் எங்க?" என்றுதான் கேட்பார். வீட்டுக்கு வந்தால் ஸ்க்ரூ டிரைவரை உடனே எடுக்கமாட்டார். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு, "கம்ப்ரசர் பாவம், நல்லாத்தான் இருக்கு. விசிறிதான் சேட்டை பண்ணுது" என்று தீர்ப்பு வரும். மனிதர்களிடமும் இதே கதைதான். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வார். அந்தச் சாய்ந்த தலைக்கு முன்னால் பொய் சொல்ல நாக்கு வராது.

எங்களுடைய மெதடிஸ்ட் சபையில் இது ஒரு பழைய வழக்கம். சபையாரைப் பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரைத் தலைவராக வைப்பார்கள். இதற்குப் பெயர் வகுப்பு. பாடமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. தலைவர் தன் வகுப்பில் உள்ளவர்களை வாரம் ஒருமுறை பார்த்து, ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற தலைவர்கள் இதைத் தொலைபேசியில் முடித்துவிடுவார்கள். இவர் மட்டும் படியேறி வருவார். "போன்ல கம்ப்ரசர் சத்தம் கேக்காது சார்" என்பார்.

வகுப்புக்காக வரும்போது உட்காரவேமாட்டார். பை தோளைவிட்டு இறங்காது. நாற்காலியை இழுத்துப் போட்டால், "பையை இறக்கினா உக்காரணும், உக்காந்தா நானும் கதை பேச ஆரம்பிச்சிடுவேன்" என்று சிரிப்பார். தையற்கடை அக்கா ஒருநாள் விடாமல், "எங்களையே கேக்குறீங்களே, உங்க ஆத்துமா எப்படிண்ணே இருக்கு?" என்று மடக்கினார். "என் கதை கிடக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டி இறங்கியவர்தான்.

அவர் கதை என்னவென்று சபைக்கே தெரியும். அவருக்கு ஒரே ஒரு அண்ணன், இதே சபையில் நிர்வாகியாக இருந்தவர். தாடி ஆயர் காலத்தில் (எங்கள் ஆயர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள்; ஆகவே நாங்கள் காலத்தையே ஆயர்களை வைத்துத்தான் சொல்வோம்) சபைக் கூடத்துக்குக் குடிநீர் குளிர்விக்கும் மெஷின் ஒன்று வைக்கத் தீர்மானம் ஆனது. வேலையைத் தம்பியிடமே கொடுக்கலாமே என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அண்ணன் எழுந்து, "அவன்கிட்ட குடுத்தா அடுத்த ஆயர் வந்தப்புறம்தான் தண்ணி சில்லுன்னு வரும்" என்றார். கூடமே சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அண்ணன் தம்பியைக் கிண்டல் செய்தார், அவ்வளவுதான். ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் இவருடைய வாடிக்கைக்காரர்கள். அன்றோடு பேச்சு நின்றது.

மெஷின் வேறு ஆளிடமிருந்து வந்தது. இவர் அதிலிருந்து இதுவரை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை. ஆராதனைக்கும் பாட்டிலோடுதான் வருவார். அண்ணன் இடப்பக்கத்துப் பெஞ்சு, தம்பி வலப்பக்கத்துப் பெஞ்சு. ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில், நாங்கள் யாரும் சொல்லிவைக்காமலே இருவருக்கும் நடுவில் நகர்ந்து நின்று மறைத்துக்கொள்வோம். இத்தனை வருடத்தில் பாடகர் குழுவைவிட எங்களுக்கு இதில்தான் நல்ல பயிற்சி.

தாடி ஆயர் போய், கிடார் ஆயர் வந்து, அவரும் போய், இப்போது ஒரு பெண் ஆயர், எங்கள் ஆயரம்மா, வந்திருக்கிறார். சுறுசுறுப்பானவர். வந்த வேகத்தில் வகுப்புகளைக் கலைத்து, தெருவாரியாகப் பிரித்துப் பீடத்திலிருந்து பெயர்களை வாசித்தார். ஃப்ரிட்ஜ்காரரின் வகுப்பில் கடைசிப் பெயர் அவருடைய அண்ணன். பெஞ்சுகளில் ஒரே இருமல். ஆயரம்மா காதில் விஷயத்தைப் போட வேண்டியது வேறு யாரோ என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம்.

அண்ணனோ குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்து வீட்டோடு கிடந்தார். சபைக்கு வருவது நின்றிருந்தது. பெண்கள் சங்கத்தார் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோனார்கள். எங்கள் எல்லோருடைய படியையும் ஏறி இறங்கிய ஃப்ரிட்ஜ்காரர் அந்தத் தெரு முனையில் மட்டும் திரும்பிவிடுவார். போகாவிட்டால் வகுப்பை விட வேண்டும். வகுப்பை விட்டால் அந்த மனிதரிடம் பாக்கி என்ன இருக்கிறது? எனக்குப் பாவமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆயரம்மாவிடம் போய் நின்றார்.

"வகுப்ப வேற யாருக்காவது குடுத்துடுங்கம்மா. ஒரு வீட்டுக்கு மட்டும் என்னால போக முடியல."

"ஏன், அந்த வீட்டு நாய் கடிக்குமா?"

"நாய் இல்லம்மா. அண்ணன்."

ஆயரம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிரசங்கம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. டம்ளரை நிரப்பி அவர் கையில் கொடுத்துவிட்டு, "தனியா போக வேண்டாம். இவரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னைக் கைகாட்டினார். வேடிக்கை பார்க்க நின்றவனுக்கு வேண்டியதுதான்.

மறுநாள் சாயங்காலம் போனோம். கதவை நான்தான் தட்டினேன். திறந்த அண்ணி இவரைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல, "வாங்க தம்பி" என்று வழிவிட்டார்.

ஜன்னலோரம் அண்ணன், முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கிற நடைச்சட்டம். பக்கத்து நாற்காலியில் மடித்த துணிகள் குவிந்திருந்தன. அண்ணன் தெருவைப் பார்த்தார், தம்பி தரையைப் பார்த்தார். அறையில் பேசியது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். கடகடவென்று வண்டி ஓடுகிற மாதிரிச் சத்தம்.

"ரொம்ப நாளா இப்படித்தான் தம்பி" என்றார் அண்ணி. "வேற ஆளக் கூப்பிடவும் விடமாட்டேங்கிறார். ஏதாவது சொன்னா, 'கெடந்து கத்தட்டும்'ங்கிறார்."

இவருக்கு அது போதும். விறுவிறுவென்று போய்க் காதை வைத்தார், கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று தெரியவில்லை. ஒரு ஃப்ரிட்ஜுக்கு அத்தனை நேரம் ஆகாது. கண்ணைத் திறந்தபோது ஓரம் ஈரமாயிருந்தது. பையோடே குனிந்து, முன்காலைக் கையால் திருகினார்.

"ஒண்ணுமில்ல அண்ணி. கால் ஒண்ணு தரையில பதியல."

சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் அந்த வீடு எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. இனி ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை. அவர் எழுந்து, எல்லா வீட்டிலும் நிற்பதுபோல வாசல் பக்கமாக வந்து நின்றார். வாய் திறந்தது, கேள்வி வரவில்லை.

அண்ணன் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "எல்லார் வீட்லயும் என்னமோ ஒண்ணு கேப்பியாமே. எங்க, கேளு."

ஃப்ரிட்ஜ்காரர் தலையைச் சாய்க்கவில்லை. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இல்லண்ணா" என்றார்.

அண்ணன் அப்போதுதான் திரும்பித் தம்பியை முழுதாகப் பார்த்தார். பிறகு நடைச்சட்டத்தை ஒதுக்கி, எட்டி, பக்கத்து நாற்காலியில் இருந்த துணிகளை ஒரே வாரலாக வாரித் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

ஃப்ரிட்ஜ்காரர் தோளிலிருந்து பையை இறக்கித் தரையில் வைத்தார்.