பேப்பரில் மட்டும் ஒரு பிரிவு

என் கணவருக்கு ஸ்பெயின் ஆசை பிடித்தது ஒரு வீடியோவால். வேலையிடத்து நண்பர் யாரோ அனுப்பியது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிற படித்த ஆட்களுக்கும், எங்கிருந்தாலும் கணினியில் வேலை பார்க்கக் கூடியவர்களுக்கும் அந்த நாடு சில வருடங்களுக்கு வருமான வரியைக் குறைத்துக் கொடுக்கிறதாம். இவர் மென்பொருள் எழுதுகிறவர். இங்கே கனடாவில், மிசிசாகாவில் இருக்கிற கம்பனிக் கந்தோருக்கு எப்போதாவது முகத்தைக் காட்டினால் போதும். மற்ற நாளெல்லாம் றிச்மண்ட் ஹில்லில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்தான் அவருக்குக் கந்தோர்.

"அதே வேலையை வெயிலுக்குள்ள இருந்து செய்யலாம். ரக்ஸும் குறைவு," என்றார். சொந்தச் சமையலறையில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுசன். கூரையேறிக் கோழி பிடிக்காதவன் வானமேறி வைகுண்டம் போனானாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பருப்பை இறக்கி வைத்தேன்.

ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து வீட்டு வாடகை, விசா என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். நான் வரமுடியாது என்றேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. அதைக் கணினிக்குள் இருந்து செய்ய ஏலாது. மகளுக்கு இது உயர்பள்ளியில் கடைசி வருடம். "அப்பா, ஐம் நொட் மூவிங். என்ர பிரெண்ட்ஸ் எல்லாரும் இங்கதான்," என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு அவள் மேலே போய்விட்டாள்.

அவர் கவலைப்படவில்லை. "பரவாயில்லை, நீங்கள் ரெண்டுபேரும் இருங்கோ. நான் போறன். லீவுக்கு வாங்கோவன்," என்றார். இவ்வளவு சுகமாகச் சொல்லிவிட்டாரே என்று எனக்குப் பட்டது. அதைப் பற்றி மேலே யோசிக்காமல் கோப்பைகளைக் கழுவினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை எங்களுடைய கணக்காளரிடம் போனோம். ஸ்காபரோவில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே அவருடைய அறை. எங்கள் ஆட்களில் பாதிப்பேருடைய வரிக் கணக்கு அவரிடம்தான். இவர் திட்டத்தைச் சொல்லச் சொல்ல அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஆள் போனாப் போதாது. இஞ்சத்தத் தொடர்பெல்லாம் அறுத்துப்போட்டுப் போகவேணும். வீடு இஞ்ச, பெண்சாதி இஞ்ச, பிள்ளை இஞ்ச எண்டா நீர் எந்த நாட்டில இருந்தாலும் ரக்ஸுக்கு இஞ்சத்த ஆள்தான். ஸ்பெயின்காரன் விட்டுத் தாறதைக் கனடாக்காரன் எடுத்துப்போடுவான்."

"வேற வழியில்லையோ அண்ணை?"

"குடும்பம் உண்மையாப் பிரிஞ்சு, வீடும் அவவின்ர பேரில போனா அது வேற கதை. ஆனா சும்மா பிரிஞ்சம் எண்டு காட்டினா மாட்டுவியள். நான் அந்த விளையாட்டுக்கு வரமாட்டன்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கணவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் வரும்போது, நெடுஞ்சாலை ஏறியதும், "பேப்பரில மட்டும் பிரிஞ்சதா எழுதுவம். பேப்பர்தானே," என்றார்.

அவரை அதற்காக ஏசவும் எனக்கு வாய் வரவில்லை. பேப்பர் வேறு, வாழ்க்கை வேறு என்று பழகிய சனம் நாங்கள். என் மாமா ஒருவருக்கு இரண்டு பிறந்தநாள். கேக் வெட்டுவது ஒன்றுக்கு, பென்சன் வருவது மற்றதுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா யாரோ ஒருவரின் மனைவியாக விமானம் ஏறி, இங்கே இறங்கியதும் அவரை அண்ணா என்று கூப்பிட்டவர். எங்களுடைய கதையும் அதுதான். என்னைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சருக்காகக் கொழும்பில் முதலில் கலியாணப் பதிவு நடந்தது. தாலி ஏறியது இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு வருடமும், "எழுத்துத்தானே முடிஞ்சது, இன்னும் கலியாணம் ஆகேல்லை," என்று அம்மா அவரோடு தனியாக டெலிபோனில்கூடக் கதைக்க விடவில்லை. பேப்பரில் சேர்ந்தது சேர்ந்ததாக ஆகாதென்றால், பேப்பரில் பிரிந்தது மட்டும் எப்படிப் பிரிவாகும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. என்னுடைய கன்னம்தான், ஆனால் தொடுவது தெரியவில்லை. வீடு வந்ததும் மகளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

அவர் ஒரு வழக்கறிஞரைத் தேடிப் பிடித்தார். பிரிவு ஒப்பந்தம் ஒன்றும் தயாரானது. ஒரு பின்னேரம் நான் வேலை உடுப்பை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எதிரே இருந்தார்.

"எல்லாம் ரெடியாம். நீர் ஒருக்கா வந்து சைன் வைச்சாச் சரி," என்றார்.

அயர்னை நிமிர்த்தி வைத்தேன். "பொய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன். பிரிஞ்சது உண்மையெண்டாச் சொல்லுங்கோ, வைக்கிறன்."

அவரை நிற்பாட்டத்தான் அப்படிச் சொன்னேன். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை. உமக்கென்ன விசர் பிடிச்சுதோ என்று கேட்பார் என்று நினைத்தேன். அதைக் கேட்டுவிட்டால் ஸ்பெயின் கதை அதோடு முடிந்துவிடும். அவர் கேட்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மேலே மகள் யாரோடோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உண்மையெண்டே எழுதுவமே?" என்று கேட்டார்.

முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளமும் இல்லை, கோபமும் இல்லை. எனக்குக் கன்னம் விறைத்த மாதிரி அவருக்கும் எப்பவோ விறைத்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. எத்தனை வருடமாக என்று கேட்கலாம். கேட்டால் சொல்லுவார். அதனால் கேட்கவில்லை.

"ஓம்," என்றேன்.

அவர் போனை எடுத்துக் காலண்டரைத் திறந்தார். "வெள்ளிக்கிழமை எனக்கு மீற்றிங் இருக்கு. வியாழன் உமக்குச் சரியோ?"

வியாழக்கிழமை எனக்கு லீவு. சரி என்றேன்.