நானூற்றுப் பன்னிரண்டாவது கண்ணிவெடி

கத்பான் என்றால் கோபக்காரன் என்று பொருள். முதலிரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதால், மூன்றாவதின்மேல் யார் கண்ணும் விழக்கூடாதென்று தாய் வைத்த பெயர். பெயர் வேலை செய்தது, பிள்ளை தங்கினான். கோபம்தான் வரவில்லை. ஈராக்கின் பாஸ்ராவில் ஐம்பத்துமூன்று வருடம் வாழ்ந்த மனிதர் ஒரு தடவையாவது குரலை உயர்த்தினார் என்று அவருடைய மனைவி பத்ரியாவால்கூடச் சொல்ல முடியாது. சொல்ல அவளுக்கு ஆசை இருந்தது.

அரசாங்கத்துக்கு அவர் இரண்டு வேலை பார்த்தார். முதல் வேலை, பூமிக்குள் பொருளைப் புதைப்பது. இரண்டாவது, பூமிக்குள் கிடக்கும் பொருளை வெளியே எடுப்பது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில். முதலாவதற்குப் பதக்கமும் இரண்டாவதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். பதக்கம் தாமதமில்லாமல் வந்தது.

ஈரானோடு சண்டை நடந்த காலத்தில், இருபது வயதில், பட்டாளத்தில் கண்ணிவெடி புதைக்கும் பிரிவுக்கு அவரை அனுப்பினார்கள். குர்னா என்ற ஊருக்குக் கிழக்கே நாணல் சதுப்பு முடிகிற இடத்தில் மூன்று வாரம் வேலை. ஏழு வரிசை, நானூற்றுப் பன்னிரண்டு வெடி. எந்த வெடி எங்கே என்று நோட்டில் எழுதிக்கொள்வது அவர் பொறுப்பு. எழுதியதை மேலிடம் வாங்கிக்கொண்டது. அவர் மண்டையில் எழுதியதை யாரும் வாங்கவில்லை.

மறுமாதமே எதிரிப் படை பாய்ந்து காவல் கரை உடைந்தது. லெஃப்டினன்ட் ஒருவரும் சிப்பாய்கள் இரண்டு பேரும் அடிபட்டு வெடிகளுக்கு அந்தப்புறம் மாட்டிக்கொண்டார்கள். வரைபடம் தலைமையகத்தில் இருந்தது, தலைமையகம் ஓடிக்கொண்டிருந்தது. கத்பான் பட்டப்பகலில் ஏழு வரிசையையும் கடந்து போய், லெஃப்டினன்டை முதுகில் சுமந்து வந்தார். பிறகு இரண்டு தடவை திரும்பிப் போனார். ஆறு நடை, ஒரு அடி பிசகவில்லை. சட்டையில் பதக்கத்தைக் குத்திய தளபதி, "பயமா இல்லையாப்பா?" என்று கேட்டார்.

"நான் வெச்சதுதானே, ஐயா. எங்க இருக்குன்னு தெரியும்."

பெரிய வீரர்கள் சொல்கிற பதில் இல்லை என்று தளபதிக்குக் கொஞ்சம் வருத்தம்.

சண்டை முடிந்து சில வருடம் கழித்து, பதக்கக்காரர்களுக்குப் பரீட்சையில் சில மதிப்பெண் சும்மா போட்டார்கள். அந்த மதிப்பெண்ணில்தான் இருபத்தேழு வயதில் பெட்ரோலிய இன்ஜினியரிங் படிப்பில் நுழைந்தார். உடன் படித்த பதினெட்டு வயதுப் பையன்கள் அவரைத் தாத்தா என்றார்கள். "தாத்தா, இதுக்கும் ஒரு பதக்கம் வாங்கிடுங்க, எங்களுக்கும் மார்க் போடட்டும்" என்று சீண்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பாறையடுக்குகளை ஒரு தடவை பார்த்தால் போதும், பத்து வருடம் கழித்தும் எந்தக் கிணற்றில் எத்தனையாவது மீட்டரில் களிமண் முடிந்தது என்று சொல்வார். அமெரிக்கர்கள் வந்தார்கள், பழைய ஆட்சி போனது. பதக்கம் பத்ரியாவின் ஊசிநூல் டப்பாவுக்குள் போனது. எண்ணெய்க்கு ஆட்சி எது என்று தெரியாது. அது வந்துகொண்டே இருந்தது, அவரும் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில், பழைய சதுப்போரத்தில் கிணறு தோண்ட முடிவானது. முதலில் வெடிகளை எடுக்க வேண்டும். வரைபடம் எப்போதோ எரிந்து சாம்பலாகியிருந்தது. கத்பான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்து, இருபத்துமூன்று வருடத்துக்கு முந்தைய ஏழு வரிசையையும் வரைந்து கொடுத்தார். வெடி எடுக்க வந்தவர்கள் அவர் புள்ளி வைத்த இடத்தில் தோண்டினார்கள். புள்ளி வைத்த இடத்தில் இருந்தது. நானூற்றுப் பதினொன்று எடுத்தார்கள்.

கடைசி வரிசையில் ஒரு புள்ளி காலி.

துளையிடும் இயந்திரம் வந்து இறங்கி, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் இவர் தோளில் கை போட்டார். "உஸ்தாத், மனுஷ மூளைதானே. ஒண்ணு கூடப் போட்டு எண்ணியிருப்பீங்க."

"நான் அப்படி எண்ணமாட்டேன்."

"இருபத்துமூணு வருஷம் ஆச்சு. என் கல்யாணத் தேதியே எனக்கு மறந்துபோச்சு."

கத்பான் தன் நினைவைச் சந்தேகித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நிலம் சுத்தம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து, கிணற்றுச் சாலையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி, ஓடிப்போன எருமையைத் துரத்திக்கொண்டு போன ஷனாவா என்ற இருபது வயதுக்காரன் செத்துப்போனான். சாசிப் என்ற எருமைக்காரரின் ஒரே மகன். கத்பான் போய்ப் பார்த்தார். குழிக்குள் கிடந்த தகரத் துண்டைக் கையில் எடுத்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் வைத்த ரகம். தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

அவருடைய குலத்தின் ஷேக் முஹைசின், பெரியப்பா மகன். கொலைப்பழி என்று வந்துவிட்டால் கொன்றவனின் குலம் செத்தவனின் வீட்டுக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமாதானம் பேசுவதுதான் அங்கே முறை. கத்பான் போய் அதைத்தான் கேட்டார். முஹைசின் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய், நாப்பது வருஷமா எங்கிட்ட வர்றவன் எல்லாம் நான் செய்யலேன்னுதான் அழுவான். நீ ஒருத்தன்தான்டா நான் செஞ்சேன்னு அழற."

"நான்தானே வெச்சேன், அண்ணே."

"வெக்கச் சொன்னது பட்டாளம். தோண்டுனது கம்பெனி. தள்ளினது தண்ணி. ஆத்து மேல போய்ப் பழி போடு."

"கையெழுத்து நான் போட்டது."

"நீ ஒருத்தன் ஒத்துக்கிட்டா, நாளைக்கு இந்த ஊர்ல பட்டாளத்துல இருந்த அத்தனை பேர் வாசல்லயும் ஆள் வந்து நிக்கும். வீட்டுக்குப் போய்த் தூங்கு."

அவருக்குத் தூக்கம் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் காலை தனியாகவே கிளம்பினார். கம்பெனி டிரைவர் மிஜ்பில் வண்டி ஓட்டினான். வழி முழுக்கப் பேசுகிறவன்.

"பதக்கம் வாங்கினவங்க எல்லாம் அதைச் சொல்லி நிலம் வாங்கினாங்க, உஸ்தாத். நீங்க பழி வாங்கப் போறீங்க. காசு குடுத்தாலும் யாரும் வாங்காத சாமான்."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"ரோடு எங்க இருக்கு, பாக்கறதுக்கு?"

சாசிப் நாணலால் வேய்ந்த விருந்தினர் கூடத்தில் இவர்களை உட்கார வைத்தார். மெலிந்த மனிதர், தாடியில் பாதி நரை. வெளியே அவர் மனைவி சாணி பிசைந்து வறட்டி தட்டும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. சாசிப் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் கசப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். கத்பான் வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தார். கேட்க வந்தது கிடைத்த பிறகுதான் குடிப்பது என்று அர்த்தம்.

சாசிப் கோப்பையைப் பார்த்தார். "குடிங்க. என்ன வேணும்னாலும் தர்றேன்."

"உங்க மகனைக் கொன்னது நான்தான்னு ஒத்துக்கணும், ஷனாவா அப்பா."

கத்பான் ஒன்றையும் மறைக்கவில்லை. ஏழு வரிசை, நானூற்றுப் பன்னிரண்டு, எடுத்தது நானூற்றுப் பதினொன்று, ஒன்று குறைகிறது என்று தெரிந்தும் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னார். சாசிப் கேட்டுக்கொண்டே இருந்தார். எண்களைச் சொன்ன இடத்தில் மட்டும் அவர் கை தாடியில் நின்றது.

"அது தர முடியாது. வேற கேளுங்க."

"வேற வேண்டாம்."

காப்பி ஆறியது. கடைசியில் சாசிப் மிஜ்பில் பக்கம் திரும்பினார். "தம்பி, எருமை ஒண்ணு கட்டை அவுத்துக்கிட்டு நிக்குது. கொஞ்சம் பாரு."

"எனக்கு எருமைன்னா பயம், ஹாஜி."

"தூரத்துல இருந்து பாரு."

அவன் போனதும் சாசிப் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கணக்கு தப்பல. நானூத்திப் பன்னெண்டுதான் இருந்துச்சு. ஒண்ண நான் எடுத்தேன்."

கத்பானுக்குப் புரியவில்லை.

"பட்டாளத்த விட்டு ஓடிவந்தவன் நான். நாணலுக்குள்ள ஒளிஞ்சிருந்தேன். நீங்க புதைக்கறத மூணு வாரமும் பாத்துக்கிட்டிருந்தேன். ஒல்லியா ஒருத்தன் நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பான். நீங்கதான் போல. ஓடினவன் கிடைச்சா வீட்டு வாசல்லயே நிறுத்திச் சுடுவாங்க. அதனால கடைசி வரிசையில ஒண்ணத் தோண்டி, என் மறைவிடத்துக்கு வர்ற பாதையில வெச்சேன். தேடி வர்றவன் மிதிக்கட்டும்னு."

வெளியே வறட்டி தட்டும் சத்தம் நிற்கவில்லை.

"அப்புறம் எடுக்கலையா?"

"சண்டை முடிஞ்சதும் தேடினேன். அதுக்குள்ள சதுப்ப வடிச்சாங்க, நாணல எரிச்சாங்க. அடையாளம் எல்லாம் போச்சு. பத்து வருஷம் குச்சியால குத்திக் குத்திப் பாத்தேன். பெறகு தண்ணி திரும்பி வந்துச்சு. அந்தப் பக்கம் எருமைய விடாதேன்னு பையன்கிட்ட சொன்னேன். ஏன்னு கேட்டான். சொல்ல வெக்கமா இருந்துச்சு. சொல்லியிருந்தா போயிருக்கமாட்டான்."

கத்பான் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். "அவங்களுக்கு?"

"தெரியாது."

இனி கத்பான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் நினைவு தப்பவில்லை, தண்ணீர் இழுக்கவில்லை, வெடி அவர் வைத்த இடத்தில் வெடிக்கவுமில்லை. மனிதன் நிம்மதியாகத் தூங்க இது போதும். அவர் தரையில் இருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டத இன்னும் நீங்க தரல."

"இவ்வளவு சொன்ன பிறகுமா?"

"அங்க வந்தது நான் புதைச்சதுதான். ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். யாராவது ஒருத்தர் மேல அந்தம்மா பழி போட்டாகணும். வீட்டுக்குள்ள இருக்கற ஆள் மேல வேண்டாம்."

"உங்களை மன்னிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"மன்னிக்க வேண்டாம். பழிய மட்டும் குடுங்க."

சாசிப் ஆறிப்போன காப்பியை வாசலில் கொட்டிவிட்டு, சூடாக ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். கத்பான் குடித்தார்.

இரண்டு குலமும் கூடிய நாளில் கத்பான் எழுந்து இரண்டே வாக்கியம் சொன்னார். "வெடியப் புதைச்சவன் நான். நிலம் சுத்தம்னு கையெழுத்துப் போட்டவனும் நான்." இரண்டும் உண்மை. சேர்த்துச் சொன்னால்தான் பொய். கூட்டம் சேர்த்தே கேட்டுக்கொண்டது. முஹைசின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஊரில் அவர் பையனைக் கொன்ற இன்ஜினியர். மூன்று பேரைத் தூக்கி வந்தவர் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. "ஊர்ல இல்லாத பழிய வண்டி வெச்சுட்டுப் போய் வாங்கிட்டு வந்த மனுஷன்" என்று பத்ரியா சொல்லிச் சொல்லி அழுதாள். அவளிடமும் அவர் விஷயத்தைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் மீனும் அரிசியும் வாங்கிக்கொண்டு சதுப்புக்குப் போவார். ஷனாவாவின் தாய் அவர் சலாமுக்குப் பதில் சொன்னதேயில்லை. ஒரு வருடம் சாணிக் கையோடு வந்து முகத்துக்கு நேரே நின்று, மண்ணாய்ப் போவாய் என்று சபித்தாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். உள்ளே சாசிப் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எட்டு வருடம் இப்படி.

எண்ணெய்க் கிணற்றுப் புகையைக் குடித்த நுரையீரல் ஒரு நாள் போதும் என்றது. கத்பான் செத்த செய்தி கேட்டு ஷனாவாவின் தாய், "இப்பத்தான் மூச்சு வருது" என்றாளாம். சாசிப் அன்றே பாஸ்ராவுக்குப் பஸ் ஏறினார்.

துக்கக் கூடாரத்தில் மூன்று நாளும் காப்பிக் கூஜாவைச் சொந்தக்காரனைப் போலத் தானே எடுத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார். யாரென்று தெரிந்ததும் ஆட்கள் எழுந்து நின்று அவர் தோளில் முத்தமிட்டார்கள். மகனைக் கொன்றவனுக்கே வந்து பணிவிடை செய்கிறாரே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்றார்கள். முஹைசின் நாலு பேர் கேட்க எழுந்து அதைச் சொல்லவும் செய்தார். பதக்கம் ஒன்றுதான் குத்தவில்லை. சாசிப் ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அடி வாங்கியவர் மாதிரி தலையைத் தாழ்த்திக்கொண்டார். பணிவு என்று அதையும் மெச்சினார்கள்.

மூன்றாம் நாள் மாலை, கூடாரத்தைப் பிரிக்கும்போது மிஜ்பில் அவருக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தான். அவர் வாங்கித் தரையில் வைத்தார்.

"மூணு நாளா பாக்கறேன், ஹாஜி. ஒரு வாய் குடிக்கல. எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா? சொல்லுங்க, உஸ்தாத் வீட்டம்மாகிட்ட சொல்றேன்."

"உங்ககிட்ட இல்ல தம்பி. அவர்கிட்ட குடுத்த ஒண்ணத் திருப்பிக் கேக்கணும்."

கூடாரத் துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள், நாற்காலிகளை அடுக்கினார்கள். கோப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.