எத்தினையாவது வந்தவள்?

எண்பத்தாறாம் ஆண்டு புரட்டாசி மாதம், கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறைச் சுவரில் ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. கொழும்பிலிருந்து யாருக்கோ தபாலில் வந்த தமிழ்ப் பத்திரிகை. சியோலில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் புறப்பட்ட இலங்கை அணி விமான நிலையத்தில் வரிசையாக நிற்கும் படம். சின்ன நாடு, சின்ன அணி. ஓடுகிறவர்களைவிடக் கோட்டுப் போட்ட அதிகாரிகள்தான் கூடப்போல இருந்தது. இரண்டாவது வரிசையில் நின்ற ஒருத்தியின் முகத்தைச் சுற்றி யாரோ பேனையால் வட்டம் போட்டு, கீழே 'துரோகி' என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த முகம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒரே பள்ளிக்கூடம். அஞ்சல் ஓட்டத்தில் நான் மூன்றாவதாக ஓடிப்போய்த் தடியை அவளுடைய கையில்தான் கொடுப்பேன். உடுப்பை மெசினுக்குள் அப்படியே விட்டுவிட்டு அந்தத் துண்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன். நகம் உடைந்ததுதான் மிச்சம், பாதித் தாள் சுவரிலேயே நின்றது. எழுதினவனுக்கு நல்ல வடிவான கையெழுத்து. படித்த மனிசன் செய்த வேலை என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பத்து மூன்று ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தபோது, அவள் கொழும்பில் பயிற்சியில் இருந்தாள். வாடகைக்கு இருந்த வீட்டைக் கொளுத்தினார்கள். ஓடுகிற சப்பாத்தும் அதோடு போயிற்று. பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் ஒளிந்திருந்து, பிறகு அகதி முகாமில் கிடந்து, கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தாள். அடுத்த வருஷமே திரும்பிக் கொழும்புக்குப் போய்விட்டாள். ஓடுகிறவளுக்குத் தடமும் பயிற்சி கொடுக்க ஆளும் அங்கேதான் இருந்தன. அந்த இலங்கைக் கொடிக்குப் பின்னால் எப்படி நடந்தாள் என்று நானும் யோசித்தேன். நான் நடந்திருக்க மாட்டேன். ஆனால் எரிந்தது அவளுடைய வீடு. அவளை வீட்டோடு கொளுத்தப் பார்த்தவர்கள் மேல் எனக்கிருந்த கோபத்தில், அவளுக்கு வட்டம் போட்டவனுக்கும் ஒரு பங்கு வைத்தேன்.

அவளுடைய தாய் எங்கள் மாடியிலேயே இருந்தா. நாங்கள் அன்ரி என்போம். மகன் இரண்டு வேலை செய்கிறவர், வீட்டுக்கு நித்திரைக்கு மட்டும் வருவார். நான் பிஸ்கற் கொம்பனிக்கு வேலைக்குப் போனால் என் பிள்ளையை வைத்துப் பார்க்கிறது அன்ரிதான். ஆங்கிலம் தெரியாது, பஸ் ஏறத் தெரியாது. அவவுக்கு இந்த நகரத்தில் சொந்தம் என்று இருந்தது வருஷத்தில் ஒரு நாள்: நவராத்திரியின் ஆறாம் நாள்.

கட்டடத்தின் பார்ட்டி ரூமை எடுத்துத்தான் நவராத்திரி வைத்தோம். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூவும் படையலும் பிரசாதமும் அவர்கள் பொறுப்பு, அன்றைக்கு முன்னுக்கு நிற்கிறதும் அவர்கள்தான். கடைசி நாள், சரஸ்வதி பூசை, எல்லாவற்றிலும் பெரிது. அது எப்போதும் பூசையை நடத்துகிற அண்ணை வீட்டு உபயம். கலவரத்துக்கு முன்னமே கனடா வந்தவர், ஒபிஸ் வேலை, கட்டடத்தில் அவர் சொல்லுக்கு மறு சொல் இல்லை. தன் மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போய், "வகுப்பில என்ர பெடியன் எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்டு, அப்படி முதலாம், இரண்டாம் என்று இடம் போடுகிற கணக்கு இங்கே இல்லை என்று ரீச்சர் சொன்னதில் ஒரு மாதம் சாப்பாடு செமிக்காமல் திரிந்தவர்.

நவராத்திரி தொடங்குவதற்கு முதல் நாள் அவர் அன்ரியின் கதவைத் தட்டினார். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்து அங்கே நின்றேன்.

"அன்ரி, இந்த முறை உங்கட உபயத்தை விடுவம். சனம் கதைக்குது. உங்களுக்குத் தெரியுந்தானே, ஏனெண்டு."

"ஓம் தம்பி," என்றா அன்ரி. பிறகு குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றா.

எனக்குப் பொறுக்கவில்லை. எலிவேற்றர் வரைக்கும் அவருக்குப் பின்னால் போனேன். "அண்ணை, சித்திரையில அதே நாடு கிரிக்கெட்டில வெல்ல, கொழும்புக்கு ரெலிபோன் கோல் எடுத்துக் கேட்டு, வீடு வீடாப் போய்ச் சொன்னது ஆர்?"

"கிரிக்கெட் வேற, தங்கச்சி."

"என்ன வேற?"

எலிவேற்றர் வந்தது. அவர் ஏறிக் கதவு மூடும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறுபாடு எனக்குத் தெரியும். கிரிக்கெட் வென்றது, அவ்வளவுதான். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் பிஸ்கற் பெட்டிகளைப் போட்டு அடித்தேன். சூப்பர்வைசர் எச்சரித்தார்.

ஐந்தாம் நாள் அவளிடமிருந்து தாய்க்குக் கோல் வந்தது. அன்ரி எனக்குச் சொன்னபோது முகத்தில் வெளிச்சம் இருந்தது. எண்ணூறு மீற்றர் ஓடினாளாம். முதல் சுற்றுப் போட்டியோடு வெளியே. ஆனால் தன் சீவியத்திலேயே அதுதான் வேகமான ஓட்டமாம். "சப்பாத்து ஆரோ இரவல் குடுத்ததாம், பிள்ளை. அளவாய் இருந்ததாம்," என்று அந்தச் சப்பாத்தைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னா.

"நாளைக்குக் கடலை அவியுங்கோ அன்ரி. நான் தூக்கிக்கொண்டு வாறன்," என்றேன்.

"வேண்டாம் பிள்ளை, தம்பி சொல்லிப்போட்டார்."

"அம்மன் சொன்னவவோ?"

அன்ரி எழும்பிப்போய்க் கடலையை ஊறப் போட்டா.

ஆறாம் நாள் நான் வேலைக்குப் போகவில்லை. பானையை நான் தூக்கினேன், அன்ரி பூத்தட்டோடு பின்னால் வந்தா. பார்ட்டி ரூமுக்குள் நுழைந்ததும் பஜனை நின்றது. அந்த உபயத்தை வேறு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் அம்மன் படத்துக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நான் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன். சொல்ல வேண்டிய வசனமெல்லாம் வாயில் இருந்தது. வட்டம் போட்டவன் யார் என்று சபையிலேயே கேட்கிறதாக எண்ணம்.

அண்ணை எழும்பி வந்தார். அன்ரியைப் பார்த்தார். போ என்று சொல்வார் என்று நான் வாயைத் திறக்க, அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பிள்ளை ஓடினவளாம். எத்தினையாவது வந்தவள்?"

எல்லாத் தலையும் திரும்பியது. துரோகி என்றவர்கள், உபயத்தைப் பறித்தவர்கள், எலிவேற்றரில் அன்ரியைக் கண்டால் அடுத்ததற்குக் காத்து நின்றவர்கள், எல்லாருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. சோதனை முடிவு வந்த வீடு மாதிரி இருந்தது.

"கடைசி," என்றா அன்ரி.

அண்ணையின் முகம் விழுந்தது. "கடைசியோ? எங்கட பிள்ளை அவ்வளவு தூரம் போய்... மற்ற நாட்டுக்காரர் என்ன நினைப்பினம்?"

எங்கட பிள்ளை. இரண்டு கிழமையாகத் துரோகி, தோற்றவுடன் எங்கட பிள்ளை. வென்றிருந்தால் இந்த ஆள் அன்ரிக்கு மாலை போட்டு மேளம் அடித்திருப்பார், முதல் ஆளாக லோன்றிச் சுவரைக் கழுவியும் இருப்பார். வாயில் இருந்த வசனம் எல்லாவற்றையும் கொட்டத் தொடங்கினேன். அன்ரி என் கையைப் பிடித்து அமர்த்தினா.

பிறகு தானே பானையைத் திறந்து, வரிசைக்கு ஆட்களை வரச் சொன்னா. வந்தார்கள். மணத்துக்கே வந்தார்கள். பிள்ளைகள் முதலில், பெண்கள், ஆண்கள். எனக்கு அதுவும் கோபம். நானாக இருந்தால் ஒரு கடலையும் கொடுத்திருக்க மாட்டேன். எல்லாரும் வாங்கி முடிந்த பிறகு அண்ணை வந்து கையை நீட்டினார். அன்ரி அகப்பை நிறைய அள்ளிப் போட்டா. அவர் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார்.

"உப்புக் கொஞ்சம் குறைவு, அன்ரி," என்றார். அதற்கும் சோதனைத் தாள் மாதிரிப் புள்ளி போடாமல் அந்த மனிசனால் இருக்க முடியவில்லை. பிறகு, பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி, "பரவாயில்லை. வாற வருஷமும் ஆறாம் நாள் உங்கடதான்," என்றார்.

அன்ரி வெறும் பானைக்குள் அகப்பையை வைத்து மூடினா.

"ஆறாம் நாள் வேண்டாம் தம்பி. எனக்குக் கடைசி நாளைத் தாரும்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு சபையைப் பார்த்தார். ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. எல்லார் வாயிலும் கடலை இருந்தது.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூசை அன்ரியின் உபயம்.