சம்பந்தி வண்டி இடித்த படகு

காவிரிக்கரை மேலூர்ப் படித்துறையில் ரெங்கசாமியின் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாழைத்தார் ஏற்ற வந்த மாட்டுவண்டி பின்னால் உருண்டு பக்கப் பலகையைப் பிளந்துவிட்டது. படகுக்கு இன்ஷூரன்ஸா என்று சிரித்த ஊரில் என்னை நம்பி பாலிசி எடுத்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு உள்ளூர சந்தோஷம். இந்த ஒரு கிளெய்ம் கைக்கு வந்துவிட்டால் ஆற்றங்கரை முழுக்க என் பின்னால் வரும் என்று கனவு கண்டபடியே திருச்சியிலிருந்து சைக்கிள் மிதித்தேன்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை பலகையைத் தொடாதீர்கள் என்றேன். வண்டி யாருடையது என்று கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. வண்டி மருதமுத்துவுடையது, ஓட்டி வந்ததும் அவரே. அவர் மகனுக்குத்தான் ரெங்கசாமியின் மகளை நிச்சயம் செய்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம்.

கம்பெனி பணம் கொடுத்தால், இடித்தவரிடம் அதை வசூலிக்கப் பார்க்கும் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப சம்பந்தி வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் போகுமா?"

"போனாலும் போகும்."

"ஆத்துல வந்த மரம் இடிச்சுதுன்னு எழுதிக்குங்களேன்."

பிளந்த இடத்தில் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை அச்சுக் குத்தினாற்போல் பதிந்திருந்தது. எந்த மரத்துக்குச் சக்கரம் இருக்கிறது என்று சர்வேயர் கேட்பாரே என்றேன். ரெங்கசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். படகு ஓடாவிட்டால் கல்யாணச் செலவுக்கு வழியில்லை. கிளெய்ம் போட்டால் கல்யாணமே நடக்குமா என்பது சந்தேகம்.

தகவல் கொடுப்பது வேறு, கிளெய்ம் போடுவது வேறு. சேதத்தை உடனே கம்பெனிக்குத் தெரிவித்தாக வேண்டும், பணம் கேட்பதா வேண்டாமா என்பதை யோசித்துச் சொல்லலாம். நடந்ததை நடந்தபடி எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள், தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த எங்கள் ஆபீசுக்கு மருதமுத்துவே வந்து நின்றார். ஆள் நல்ல ஆகிருதி, முகம் மட்டும் வாடியிருந்தது.

"அன்னிக்கு அவரு என்னை ஒரு வார்த்தை திட்டலைங்க. பரவால்ல சம்பந்தின்னுட்டாரு. கிளெய்மாவது போட்டாரா?"

இல்லை என்றேன்.

"போடலையா? திட்டவும் இல்ல, பணமும் கேக்கலைன்னா, அப்ப மனசுல வெச்சிருக்காருங்க. கல்யாணத்த நிறுத்தப் போறாரு."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு மேலூர் போய்ச் சேருவதற்குள் என் மூச்சே நின்றுவிட்டது. அங்கே இவர் பயத்தை அவரிடமும் அவர் பயத்தை இவரிடமும் போட்டு உடைத்தேன். ரெங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் வீட்டு வாசலில் ஆசாரி ஒருவர் சீர்க்கட்டில் செய்துகொண்டிருந்தார்.

"கட்டில் மெதுவா வரட்டும் சம்பந்தி. மொதல்ல படகைப் பாக்கச் சொல்லுங்க. மரமும் கூலியும் என்னுது" என்றார் மருதமுத்து.

கிளெய்ம் வேண்டாம் என்று ரெங்கசாமி எழுதிக் கொடுத்தார். நல்ல விளம்பரத்தைக் கெடுத்துவிட்டாய் என்று மேனேஜர் முணுமுணுத்தார். எனக்கும் வருத்தம்தான், கல்யாணச் சாப்பாட்டில் அது மறந்துபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் படகிலேயே காவிரியைக் கடந்து வந்தார்கள். புதுப் பலகை யார் கண்ணிலும் படாதபடி, மருதமுத்து தன் அகலமான முதுகால் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு யார் கிளெய்ம் என்று வந்தாலும், எவ்வளவு சேதம் என்று நான் முதலில் கேட்டதில்லை. இடித்தவர் உங்களுக்கு என்ன முறை என்றுதான் கேட்பேன்.